கால் நடந்தது, ஆள் எங்கே?

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை என்றால் அப்பரின் சூலை நோய் தீர்ந்த தலம் என்பார்கள். ‘உண்மை விளக்கம்’ எழுதிய மனவாசகங்கடந்தாரும் அதே ஊர்க்காரர்தான். பலாப்பழம் வாங்க வருகிறவர்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. அவருடைய குரு மெய்கண்டார், 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் ‘சிவஞானபோதம்’ தந்தவர். உறக்கத்தை இந்தச் சைவ சித்தாந்திகள் கணக்குப் போட்டே ஆராய்ந்தார்கள்.

விழிப்பில் உயிர் புருவ நடுவில் 35 கருவிகளோடு இருக்கிறது. கனவில் கழுத்துக்கு இறங்கும்போது கண், காது முதலிய ஐந்தையும் கை, கால் முதலிய ஐந்தையும் மேலேயே விட்டுவிடுகிறது, மிச்சம் 25. ஆழ்ந்த உறக்கமான சுழுத்தியில் சித்தம், பிராணன், புருடன் என மூன்றுதான்.

கனவைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு இன்றைய ஆய்வகத்தோடு வியப்பாக ஒத்துப்போகிறது. கனவு மிகுந்த கட்டத்தில் மூளைத்தண்டு கை கால் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடுகிறது. அந்தக் கட்டுப்பாடு குலைந்தவர்களைப் பற்றி 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷென்க் குழுவினர் எழுதினார்கள். இத்தகையவர்கள் கனவில் வரும் எதிரிக்கு விடும் குத்து, பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும்.

தூக்கத்தில் நடப்பவர் விஷயத்தில்தான் கணக்கு இடிக்கிறது. அவர் பெரும்பாலும் கனவுக் கட்டத்திலிருந்து எழுவதில்லை. படுத்த ஓரிரு மணி நேரத்தில், சுழுத்தி என்று சொல்லத்தக்க ஆழத்திலிருந்து எழுகிறார். கண் திறந்திருக்கும், பார்வை எங்கோ நிலைத்திருக்கும். தாழ்ப்பாளைத் திறப்பார், கேட்டால் ‘உம்’ கொட்டுவார், காலையில் எதுவும் நினைவிருக்காது. மூச்சே உயிர் என்பவர்களை மறுக்கும் மெய்கண்டாரின் மூன்றாம் சூத்திரமோ, உறக்கத்தில் மூச்சு ஓடினாலும் நுகர்வும் செயலும் இல்லையே என்கிறது. இங்கே செயல் நடக்கிறதே!

இதனால் சூத்திரம் பொய்த்துவிடாது. செயல் இருந்தும் அறிகிறவர் இல்லை என்றால், உடலும் உயிரும் வேறு என்ற வாதம் வலுக்கவே செய்கிறது. விழிப்புக்குள்ளேயே கனவு, சுழுத்தி என்று நிலைகளைப் பிரித்தவர்கள் இந்தச் சித்தாந்திகள். கலப்பு நிலை அவர்களுக்குப் புதிதல்ல. 2000இல் ‘லான்செட்’ இதழில் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வு, தூக்கத்தில் நடந்த 16 வயதுச் சிறுவனின் மூளையைப் படம் பிடித்தது: உள்ளே ஒரு பகுதி முனைப்பாக இயங்க, மூளையின் முன்பகுதியில் ரத்த ஓட்டம் தாழ்ந்திருந்தது. பாதி விழிப்பு, பாதி உறக்கம்.

அப்படியானால் வினை யாருடையது? அறியாமல் செய்த புண்ணியமும் பலிக்கும் என்கிறது சைவம். மறைக்காட்டுக் கோயில் விளக்கில் நெய் குடிக்க வந்த எலி, மூக்கில் சுட்டதால் திரியைத் தூண்டிவிட்டு, மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி ஆனது என்பது புராணம்; எலி விளக்கைத் தூண்டியதை அப்பரே பாடியிருக்கிறார். அறியாத பாவமும் அப்படியே ஒட்டுமா?

நீதிமன்றங்கள் இதில் தயங்கித்தான் நடந்திருக்கின்றன. பச்சைக் குழந்தையோடு கிணற்றில் குதித்து, குழந்தையை இழந்த பெண் தூக்கத்தில் நடந்ததாக எழுந்த வாதத்தை, ஆதாரமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 1959இல் பதிவான தீர்ப்பு அது. கனடாவில் 1987இல் ஒருவர் 23 கிலோமீட்டர் காரோட்டிப் போய் மாமியாரைக் கொன்றார். உறக்கத்தில் செய்தது என்று விடுதலையானார். 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எலிக்குக் கிடைத்தது அருள்; அதற்கு எலியின் சம்மதம் தேவைப்படவில்லை. தண்டனைக்கு அறிகிறவர் ஒருவர் வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கோர்ட்டுக்குப் போகாத வழக்குகள் வீட்டில்தான் நடக்கின்றன: ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று வேப்பிலை அடிப்பது, ‘வேஷம் போடுகிறான்’ என்று அதட்டுவது.

தூக்கம் கெட்டால் தூக்கத்தில் நடப்பது கூடும். ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும் நெய்வேலிக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடப்பவரை எழுப்பினால் உயிர் போய்விடாது, குழம்பிப்போவார், அவ்வளவுதான். கையைப் பிடித்துப் படுக்கைக்கு அழைத்து வாருங்கள். மாடிக்கதவைப் பூட்டிவையுங்கள். அடிக்கடி நடந்தாலோ காயம் பட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளரத் தானே நின்றுவிடுகிறது.