எண்ணிக்கை தவறினால் பலன் குறையுமா?

சகோதரிகளே! ஆரணிப் பட்டு உங்களில் பலர் வீட்டுப் பீரோவில் இருக்கும். அந்தப் பட்டு நெய்கிற ஊரில், கமண்டல நாகநதிக் கரையில், பெரியநாயகி அம்பாளுடன் புத்திரகாமேட்டீஸ்வரர் அருள்பாலிக்கிறார். தசரதச் சக்கரவர்த்தி பிள்ளை வரம் வேண்டி யாகம் செய்த தலம் என்கிறது தல வரலாறு. இன்றும் குழந்தை ஏக்கத்தோடு தம்பதியர் வந்து நிற்கும் சந்நிதி இது.

அப்படி ஏங்கி வேண்டும் பெண்களுக்கு ஒரு பயம் உண்டு. ‘108 முறை நாமம் சொல்ல உட்கார்ந்தேன். நடுவில் குக்கர் விசில் அடித்தது. எண்ணிக்கை விட்டுப் போயிற்று. பலனும் போய்விடுமோ?’

போகாது அம்மா! அதற்கு அந்த 108-ஐயே சாட்சிக்கு அழைக்கலாம்.

நட்சத்திரங்கள் 27. ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதங்கள். ஆக, 108. உங்கள் கணவர், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர்... யார் பிறந்ததும் இந்த 108 பாதங்களில் ஏதோ ஒன்றில்தான். எனவே 108 நாமங்களில் உலகத்தார் எல்லோருக்கும் இடம் இருக்கிறது.

இன்னும் பாருங்கள். ஒன்றை ஒரு முறை, இரண்டை இரண்டு முறை, மூன்றை மூன்று முறை எழுதி எல்லாவற்றையும் பெருக்குங்கள். 108 வரும்! பட்டிலும் அதைக் காணலாம். ஒரு கஜம் 36 அங்குலம். ஆறு கஜப் புடவையில் இரண்டு 108 அங்குலம். ஒன்பது கஜ மடிசாரில் மூன்று!

இதன் அக்கம்பக்கத்து எண்களான 107-ம் 109-ம் ஒன்றாலும் தம்மாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. நடுவில் உள்ள 108-ஐயோ 2, 3, 4, 6, 9, 12, 18, 27, 36, 54 என எத்தனையோ விதமாகப் பங்கு போடலாம். அதனால்தான் 54 மணி, 27 மணி ஜபமாலைகளும் இருக்கின்றன. காலையில் 54, மாலையில் 54 சொல்லுங்கள். நவராத்திரியில் தினம் 12 சொன்னால் ஒன்பது நாளில் 108 நிறைந்துவிடும்.

மாலையை ஒரு முறை உருட்டினால் நூறு என்றே கணக்கு வைத்துக்கொள், மீதி எட்டும் கவனப் பிசகுக்கு என்று பெரியோர் சொல்வதுண்டு. பிழை வரும் என்று தெரிந்தே அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள்!

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் புடவையையே பிரித்துப் போடுவாரா? அறுந்த இழையை முடிந்து, விட்ட இடத்திலிருந்து நெய்கிறார். நீங்களும் அப்படியே நினைவிருக்கும் இடத்திலிருந்து தொடருங்கள்.

முக்கியமாக ஒன்று. பிள்ளை பிறக்கத் தாமதமானால், ‘நான் எண்ணியதில்தான் குறையோ’ என்று உங்களை நீங்களே குற்றவாளி ஆக்கிக்கொள்ள வேண்டாம். கணவரும் மனைவியுமாக மருத்துவரைப் பாருங்கள், அம்பாளையும் வேண்டுங்கள். வீட்டுப் பெரியவர்களே, ‘நீ விரதம் சரியாக இருக்கவில்லை’ என்று மருமகளைக் குத்திப் பேசாதீர்கள். அந்தச் சொல் எந்த நாமத்தோடும் சேராது.

இன்று விளக்கேற்றியதும் உட்காருங்கள். 108 முடியவில்லையா? 27 சொல்லுங்கள். நடுவில் குழந்தை அழுதால் எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். பெற்ற தாயின் மனம் பெரியநாயகிக்குத் தெரியாதா என்ன?