அங்குலிமாலரும் சிறை மீண்ட தம்பியும்



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி யாவரும் கலைந்தபின், உபாசிகை அம்மையார் ஒருவர் எம்மை அணுகினார். "ஐயா, ஏழாண்டு சிறையிலிருந்த என் தம்பி வரும் மாதம் விடுதலையாகிறான். குடிவெறியில் ஒருவனை வெட்டியவன். என் வீட்டில் வயது வந்த பெண்மக்கள் இருவர் உளர். திருந்திவிட்டதாகக் கடிதம் எழுதுகிறான். நம்பலாமா?" என்றார். அவ்விடத்திலேயே விடை கூற எமக்கு இயலவில்லை. ஆகையால் அதனையே இன்றைய பொருளாகக் கொண்டோம்.

மனிதன் திருந்துதல் கூடுமா என்பதில் நமக்கு ஐயம் வேண்டுவதில்லை. பிறப்பினால் ஒருவன் இழிஞனாகான், செய்கையினாலேயே ஆகிறான் என்னும் தம்மத்தைத் தழுவியவர் நாம். 1871-ம் வருஷத்துச் சட்டம் சில குலங்களைப் பிறவிக் குற்றவாளிகளெனவே பதிந்து வைத்தது. அது 1952-ல் ஒழிந்தும் அவ்வசை ஒழிந்தபாடில்லை. மனிதனைப் பிறப்பிலே பூட்டுதல் அநீதி என்னும் நாமே, அவனைப் பழைய செயலிலே பூட்டி வைக்கலாகுமோ?

ஆயினும் திருந்துதல் கூடும் என்பது வேறு. திருந்தினான் என்பது வேறு.

மஜ்ஜிம நிகாயத்தின் 86-ஆவது சூத்திரம் அங்குலிமாலருடையது. வாளேந்தி ஓடி வந்தவனால் மெல்ல நடந்த பகவனை எட்ட முடியவில்லை. தாம் நின்றுவிட்டதாகவும் அவனே இன்னும் நிற்கவில்லையென்றும் பகவன் கூற, அவன் ஆயுதத்தை எறிந்து துறவு பூண்டான். பிரசங்கிகள் பெரும்பாலும் இத்துடன் முடித்துவிடுகின்றனர். நாமும் பலமுறை அவ்வாறே முடித்திருக்கின்றோம். அம்மையாருக்குரிய விடையோ இதற்குப் பின்னரே வருகின்றது.

அவனைப் பிடிக்க ஐந்நூறு குதிரை வீரருடன் புறப்பட்ட கோசல மன்னர் பசேனதி, ஜேதவனத்தில் அவனே பிக்குவாய் அருகில் அமர்ந்திருக்கக் கண்டு நடுங்கினார். பகவன் அந்நடுக்கத்தைக் கடிந்தாரில்லை, அஞ்ச வேண்டாமென்றார். அம்மணி, தங்கள் அச்சமும் பாவமன்று. கள்வனுக்குத் துறவளித்தனரென்று ஜனங்கள் முறையிட்டபோது, பேர்பெற்ற கள்வரை இனிச் சேர்க்கலாகாதென விநய விதி பிறந்தது. அங்குலிமாலர் வெளியேற்றப்படவுமில்லை, ஊரார் அச்சம் புறக்கணிக்கப்படவுமில்லை.

பின்னொருநாள் பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணுக்காக, தாம் பிறந்தது முதல் அறிந்து ஓருயிரையும் கொன்றதில்லையெனச் சத்தியஞ் செய்யுமாறு பகவன் பணிக்க, அது பொய்யாகுமே என்று அங்குலிமாலர் தயங்கினார். அரிய நெறியிற் பிறந்தது முதல் எனப் பகவன் மாற்றியருளிய பின்னரே சென்றார். தம் குற்றத்தை மறைக்க அவருக்கு நாவெழவில்லை. தம்பியின் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். போதாத காலம், கூடா நட்பு என்பனவே நிறைந்துள்ளனவா? வெட்டுண்டவனுடைய குடும்பத்தைக் குறித்து ஒரு வரியேனும் உண்டா?

இன்னுமொன்று. அருகதர் நிலை எய்திய பின்னரும் அங்குலிமாலர் மீது கல்லும் கட்டையும் விழுந்தன. மண்டை உடைந்து, ஓடு சிதைந்து, சீவரம் கிழிந்து வந்தவரைப் பொறுத்துக்கொள்ளுமாறே பகவன் கூறினார். அவரும் எறிந்தவரை நோகவில்லை. "என்னை ஏன் நம்பவில்லை?" என்று தம்பி சீறுவானாயின், அவன் இன்னும் நின்றானில்லை. நம்பாதவரையும் பொறுத்து நாளைக் கழிப்பானாயின், ஏதோ ஒன்று அவனுள் நின்றுவிட்டது.

சிறைச்சுவர் மட்டும் இதனைச் செய்துவிடாது. 1975-ல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் கோயங்கா அவர்கள் கைதிகளுக்கு விபாசனை கற்பித்தார். 1994-ல் தில்லி திஹார் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பத்து நாள் மௌனமாய் அமர்ந்தனர். தன் மனத்தைத் தானே நோக்க ஒருவர் கற்பித்தல் வேண்டும். தம்பிக்கு அவ்வாய்ப்புக் கிட்டியதோ இல்லையோ, வெளியில் வந்த பின்னரும் அது தொடங்கலாம்.

ஆகையால் அம்மணி, விடுதலை நாளில் சிறை வாயிலுக்குத் தாங்களே செல்லுங்கள். உணவு தங்கள் கையால் இடுங்கள். உறங்குவதற்கு மட்டும் அருகில் வேறொரு அறை பாருங்கள். பெண்மக்களிடம் எதையும் மறைக்க வேண்டாம். ஐந்தாம் சீலத்தை அவன் காக்கின்றானா என்பதை மற்றெல்லாவற்றினும் முதலாகக் கவனியுங்கள். குடியே அன்று அவன் கையில் கத்தியைக் கொடுத்தது.

அடுத்த பௌர்ணமிக்கு அவனை அழைத்து வாருங்கள். பின்வரிசையிலன்று, நம் நடுவிலே அவனுக்குப் பாய் விரித்திருப்போம்.