பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது

சுவிசேஷம் அறிவிப்பது என்றதும் நம் மனதில் எழுவது மேடையும் ஒலிபெருக்கியும் கைப்பிரதியும்தான். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் கையில் ஒரு தாளைத் திணித்துவிட்டு நகர்ந்தால் கடமை தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். லண்டன் மிஷன் 1827-ல் சேலத்தில் ஊழியம் தொடங்கியது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இந்த ஊரில் வேதம் பிரசங்கிக்கப்படுகிறது. ஆனாலும் அஸ்தம்பட்டியில் நமக்கு அடுத்த வீட்டில் இருப்பவர் மாற்கு சுவிசேஷத்தை ஒரு முறையாவது முழுதாகக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகமே. இன்று நான் வைக்க நினைக்கும் வாதம் ஒன்றுதான். விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ள நமக்கு இருக்கும் வழிகளில் மிக நேர்மையானது, பிறரோடு உட்கார்ந்து வேதத்தை வாசிப்பது. அவர் கையிலும் புத்தகம் இருக்கிறது. நான் சொல்வது அதில் உள்ளதா இல்லையா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம், மறுக்கலாம், மூடியும் வைக்கலாம். மேடையில் நிற்பவனை அப்படி யாரும் இடைமறிக்க முடியாது. நானும் இப்போது மேடையில்தான் நிற்கிறேன். அது தெரிந்தேதான் சொல்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தர வழி. எத்தியோப்பிய அரசி கந்தாகேயின் கருவூல அதிகாரி ஒருவர் எருசலேமில் தொழுதுவிட்டுத் தம் தேரில் ஊர் திரும்புகிறார். ஏசாயாவின் சுருளை வாசித்துக்கொண்டே போகிறார். இந்தச் சம்பவத்தில் எது முன்னே, எது பின்னே என்ற வரிசையைக் கவனியுங்கள். சுவிசேஷகனாகிய பிலிப்பு வந்து சேர்வதற்கு முன்பே வாசிப்பு தொடங்கிவிட்டது. சுருள் அந்த மந்திரியுடையது, தேரும் அவருடையது. பிலிப்பு ஓடிப்போய் முதலில் காதுகொடுத்துக் கேட்கிறார். பிறகு ஒரே ஒரு கேள்வி: வாசிப்பது விளங்குகிறதா? வழிகாட்ட ஆளில்லாமல் எப்படி விளங்கும் என்கிறார் மந்திரி. ஏறி வந்து பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். அழைத்த பிறகுதான் பிலிப்பு ஏறுகிறார். ஏறியதும் அவர் பேச்சைத் தொடங்கிவிடவும் இல்லை. தீர்க்கதரிசி இதைத் தன்னைக் குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்தா என்று மந்திரி கேட்கிறார். ஏசாயா ஐம்பத்துமூன்றாம் அதிகாரத்தைப் பற்றி யூத அறிஞர்களும் கிறிஸ்தவ அறிஞர்களும் இன்றைக்கும் விவாதிப்பது இதே கேள்வியைத்தான். அதை அன்றே கேட்டுவிட்டார் ஒரு வெளிநாட்டுக்காரர். அவர் கேட்ட அந்த வரியிலிருந்தே தொடங்கித்தான் பிலிப்பு இயேசுவைப் பற்றிச் சொல்கிறார். வழியில் தண்ணீரைக் கண்டதும் ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று கேட்டவரும் மந்திரிதான். பிறகு பிலிப்பு கண்ணில் படவில்லை. மந்திரி சந்தோஷத்தோடு தம் வழியே போனார். அவர் பெயர் எந்தச் சபைப் பதிவேட்டில் ஏறியது என்று நடபடிகளை எழுதிய லூக்கா சொல்லவில்லை. நம் ஊழிய அறிக்கைகளைத் தயாரிப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

வாசிப்பில் கலந்துகொள்ளும் வெளியார் நம்மிடம் பெற்றுக்கொள்ள மட்டும் வருவதில்லை. எந்த வசனத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நமக்கோ அது பழகிப்போயிற்று. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்தின் பதினோராம் வசனம் அதில் அடிக்கடி வரும். சமாதானமும் நல்ல எதிர்காலமும் தரும் வசனம் என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்போம். அதற்கு முந்திய வசனத்தை வாசியுங்கள் என்று புதியவர் ஒருவர் சொன்னால், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் அந்த நன்மை என்று தெரியவரும். எரேமியாவின் அந்தக் கடிதத்தைப் பாபிலோனில் பெற்றவர்களில் பெரும்பாலானோர் அதைக் காணாமலே இறந்திருப்பார்கள். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் நாலாம் அதிகாரத்தில் எல்லாவற்றுக்கும் பெலன் உண்டென்று பவுல் சொல்வதும் அப்படியே. அது பட்டினியைப் பற்றிய பேச்சின் நடுவே, சிறையிலிருந்து எழுதியது. சேலம் மத்தியச் சிறையின் மதிலைத் தாண்டி ஆராதனைக்கு வருகிற நாம் அதைத் தேர்வில் வெற்றி தரும் வசனமாக்கிவிட்டோம்.

மாற்கு ஐந்தாம் அதிகாரம் இன்னும் நல்ல உதாரணம். இயேசு துரத்திய அசுத்த ஆவிகள் பன்றிகளுக்குள் போக, ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் விழுந்து மாண்டன. பிசாசு போனது என்று அல்லேலூயா சொல்லிவிட்டு நாம் அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் உடன் உட்கார்ந்து வாசித்தால் அங்கேயே நிறுத்துவார்: இரண்டாயிரம் உருப்படி போயிற்றே, அந்த நஷ்டம் யார் தலையில்? நோய் வந்து ஒரு கொட்டகையே காலியாவது என்றால் என்னவென்று தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. அதற்குச் சுலபமான பதில் நம்மிடம் இல்லை, சமாளிக்கவும் கூடாது. ஆனால் அவர் கேட்டதால் நாம் மறுபடி வாசிப்போம். அந்த ஊரார் இயேசுவைத் தங்கள் எல்லையைவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டதும், அவர் மறுபேச்சின்றிப் படகேறியதும் அப்போதுதான் கண்ணில் படும். போகச் சொன்னால் போய்விடுவது என்பதும் சுவிசேஷத்தில் உள்ளதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. சேர்ந்து வாசிப்போம் என்பது மதம் மாற்றுவதற்கு விரித்த வலைதானே? நம் நோக்கத்தை ஒளித்தால் வலைதான். நான் இயேசுவை நம்புகிறேன், நீங்களும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அது வலை ஆகாது; புத்தகம் தன்னால் யாரையும் இழுத்துக்கொண்டு போய்விடாது என்பதற்குச் சரித்திரம் சாட்சி. யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து 1850-ல் வெளியான தமிழ் வேதாகமத்தை உருவாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். அந்தப் புத்தகத்தை அவரளவுக்கு நுணுகி வாசித்த கிறிஸ்தவர்கள் அன்று குறைவாகவே இருந்திருப்பார்கள். அவர் சைவராகவே இருந்தார். 1854-ல் சைவதூஷணபரிகாரம் என்ற நூலை எழுதி, பழைய ஏற்பாட்டின் ஆலய ஆசாரங்களையே எடுத்துக்காட்டி மிஷனரிகளுக்குப் பதில் சொன்னார். காந்தியடிகள் 1926-ல் குஜராத் வித்யாபீட மாணவர்களோடு புதிய ஏற்பாட்டை வாசித்தபோது, அவரைக் கண்டித்தவர்கள் இந்துக்களே. பிற சமய நூல்களை மரியாதையோடு கற்பது தம் சமயத்துக்குக் குந்தகம் இல்லை என்பது அவர் பதிலின் சாரம். சட்டமும் ஏறக்குறைய இந்த எல்லையில்தான் நிற்கிறது. அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கொள்கைகளை எடுத்து விளக்குவது அந்த உரிமையில் அடங்கும், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றது. அந்தத் தீர்ப்பைக் குறைசொல்லும் கிறிஸ்தவர்கள் உண்டு. எனக்கோ, மனம் மாறுவது ஆவியானவரின் வேலை என்று சொல்லிக்கொள்ளும் நாம் அதற்காக வருத்தப்படக் காரணம் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. நம்மிடம் சம்பளம் வாங்குபவர், கடன்பட்டவர், நம் பள்ளியில் பிள்ளைக்கு இடம் கேட்டு நிற்பவர், இவர்களால் புத்தகத்தை மூடிவைக்க முடியாது. மூட முடியாதவரோடு வாசிப்பதைச் சேர்ந்து வாசிப்பது என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது மறுப்பு சபைக்குள்ளிருந்தே வருகிறது. ஆயர் இல்லாமல் ஆளுக்கொரு விளக்கம் சொன்னால் கள்ள உபதேசம் புகுந்துவிடாதா? புகலாம். ஆனால் தமிழ்நாட்டில் சபைகள் ஏமாந்த இடங்களைப் பாருங்கள்: பெரும்பாலும் ஒருவர் பேச, மற்றவர்கள் புத்தகத்தைத் திறக்காமல் தலையாட்டிய இடங்கள் அவை. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தில் சோதித்துப் பார்த்தார்கள். லூக்கா அதைச் சந்தேகப் புத்தி என்று எழுதவில்லை, நற்குணம் என்று பாராட்டுகிறார். கைபேசியில் வேதாகமம் இருக்கிறதே, தனியாக வாசித்தால் போதாதா என்பவர்களுக்கும் இதுவே பதில். தனியாக வாசிக்கும்போது நம்மைக் குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லை. எழுத்தறியாதவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வேதபாரகனாகிய எஸ்றா எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன் காலை முதல் நடுப்பகல் வரை வாசித்தது காதால் கேட்ட ஜனங்களுக்குத்தான்; லேவியர் கூட்டத்தினூடே நின்று அர்த்தம் விளங்கச் செய்தார்கள். வேத ஸ்திரீகள் என்று நம் பாட்டிமார் அறிந்த பெண்கள் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டியதும் இந்த வழியில்தான். பல வீட்டுப் பெண்களுக்கு எழுத்தும் அவர்கள் கற்றுத் தந்ததே.

கடைசியாக ஒரு கேள்வி, மேடையில் யாரும் கேட்காதது. மாற்கு சுவிசேஷம் பதினாறு அதிகாரம். வாரம் ஒன்றாக நாலு மாதத்தில் முடித்துவிடலாம். முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் திருவாசகத்தை நீட்டி, இனி இதை வாசிப்போமா என்றால்? வாசிக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். நமக்கு முன் வந்தவர்களும் பிறரிடம் கற்றுக்கொண்டார்கள். மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபின் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுத்துப் பழகினார். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி அவர்கள் தந்த பதில்களைச் சேர்த்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது அதற்குப் பின்பு, 1715-ல். ஜி.யு. போப் 1900-ல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது அவருக்கு எண்பது வயது; அதற்காக அவர் குருத்துவத்தைத் துறந்துவிடவில்லை. நம் விசுவாசம் இன்னொருவர் புத்தகத்தைத் திறந்தாலே கலைந்துவிடும் என்றால், நம் புத்தகத்தைத் திறக்கும்படி அவரைக் கேட்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?