வில்லங்கம் ஏதும் இல்லை

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் ஒரு டிசம்பர் லீவில் குடும்பத்தோடு ஜெய்சல்மர் போய்விட்டு வந்தான். ஒட்டகச் சவாரி, மணல்மேட்டில் சூரிய அஸ்தமனம், மஞ்சள் கோட்டை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் இப்படிக் கேட்டான்:

"அங்க ஒரு நேஷனல் பார்க் இருக்குடா. பேருதான் பார்க். புலி கிடையாது, யானை கிடையாது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் மண்ணும் புல்லும்தான். அவ்வளவு இடமும் சும்மா கிடக்கு! நாலு ரோடு, கொஞ்சம் சோலார், ரெண்டு ரிசார்ட் வந்தா என்ன குடிமுழுகிப் போயிடும்? ஏதோ ஒரு பறவைக்காக கேஸ் நடத்தறாங்களாம்."

நியாயமான கேள்விதானே என்று உங்களுக்கும் தோன்றலாம். எனக்கு மட்டும் 'சும்மா கிடக்கு' என்ற வார்த்தை உறுத்தியது. காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

ராஜஸ்தானில் இருக்கும் அந்தப் பாலைவன தேசியப் பூங்கா 1980-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 3,162 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல் ஏழு மடங்குக்கு மேல். அங்கே இருக்கும் பறவைக்குத் தமிழில் அழகான பெயர்: கானமயில். ஒரு காலத்தில் நம் ஊர்ப் புல்வெளிகளிலும் நடமாடியது. இன்று காட்டில் மிச்சமிருப்பது சுமார் 150 என்றுதான் மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பாலானவை ஜெய்சல்மர் பக்கத்தில்.

கானமயிலுக்கு இரண்டு கஷ்டங்கள். ஒன்று, வழக்கமாக வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறுந்தரையில். இன்னொன்று, கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. 15 கிலோ வரை கனக்கும் உடம்பு வேறு. மின்கம்பி பக்கத்தில் வந்த பிறகு சட்டென்று ஒடித்துத் திரும்ப முடியாது.

இந்திய வனவிலங்கு நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. தார் பாலைவனத்தில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் மின்கம்பிகளால் வருடத்துக்கு ஏறத்தாழ 84,000 பறவைகள் சாகின்றன. வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 20. 'ஒன்றுமே இல்லாத' இடத்தில் சாவதற்கு மட்டும் இத்தனை பறவைகள் எங்கிருந்து வந்தன?

ஆடிட்டிங் வகுப்பில் எங்கள் பேராசிரியர் சொல்வார்: "ஸ்டாக் எடுக்கப் போறவன் கடை திறந்திருக்கும்போது போகணும்." பாலைவனத்துக்கு அது ரொம்பப் பொருந்தும். அங்கே சாண்டா என்று ஒரு பல்லி உண்டு, வாலில் முள்முள்ளாக இருக்கும். பல பருந்துகளுக்கு அதுதான் சாப்பாடு. குளிர்காலத்தில் வளைக்குள் போய் அடைந்துகொள்ளும். புற்கள் பலவும் மழை பெய்தால்தான் தலைகாட்டும். என் நண்பனைப் போல டிசம்பரில் போய் ஒரு அதிகாரி கணக்கெடுத்தால், 'பல்லி: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது உண்மையும் இல்லை.

அடுத்தது, தனித்தனி வவுச்சர் பிரச்னை. ஒரு ரோடு வந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு ஓட்டல் வந்தாலும் இல்லை. ஆனால் ஓட்டல் வந்தால் குப்பை வரும், குப்பை வந்தால் தெருநாய் வரும், நாய் வந்தால் தரையில் கிடக்கும் அந்த ஒரு முட்டை போகும். ஓட்டல் ஃபைலில் நாய் இருக்காது. ஒவ்வொரு வவுச்சரும் சரியாக இருக்கும். கம்பெனி மட்டும் திவாலாகியிருக்கும்.

சரி, அப்படியானால் எதையுமே கட்டக் கூடாதா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பூங்கா எல்லைக்குள்ளேயே கிராமங்கள் இருக்கின்றன. குழாய்த் தண்ணீரும் கரன்ட்டும் அவர்கள் கேட்டால், "பறவை இருக்கு, சும்மா இரு" என்று சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதற்கு எனக்கு என்ன யோக்யதை? சோலாரும் வீண் ஆசை இல்லை. நிலக்கரியைக் குறைக்காவிட்டால் சூடேறும் உலகத்தில் கானமயிலும் தப்பாது.

உச்ச நீதிமன்றமே இந்தத் தராசைப் பிடித்துத் தடுமாறியிருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் பங்குள்ள ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.கே.ரஞ்சித்சிங் 2019-ல் வழக்குப் போட்டார். 2021 ஏப்ரலில், முடிந்த இடங்களில் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது நீதிமன்றம். செலவு, தொழில்நுட்பம், பருவநிலை என்று அரசு முறையிட்டதும், 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு ஒன்றை அமைத்தது.

எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். நஷ்டத்தில் இரண்டு வகை. திரும்ப ஈட்டக்கூடியது, ஈட்டவே முடியாதது. கம்பியை வேறு வழியில் கொண்டுபோனால் செலவு, பூமிக்கடியில் புதைத்தால் கூடுதல் செலவு. பணம்தானே, யூனிட்டுக்கு சில பைசா ஏற்றி என்னிடமும் உங்களிடமும் வசூல் செய்யலாம். ஆனால் கடைசிக் கானமயில் கம்பியில் மோதி விழுந்த பிறகு எந்த பட்ஜெட்டாலும் அதை வாங்க முடியாது. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டிக் கழிப்பதுதான் தப்பு. அப்படிப் பார்த்தால் கிராமத்துக்குப் போகும் ஒரு கம்பியும், ஊருக்கே சப்ளை செய்யும் நூறு கம்பியும் ஒன்றில்லை. முதலாவதைக் கொடுத்தே ஆக வேண்டும், புதைத்துக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு கிராமத்தான் தலையில் விழக் கூடாது.

ராஜஸ்தான்காரர்கள் இதைப் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள். 'ஓரண்' என்று சாமி பெயரில் நிலம் விடுவார்கள். மாடு மேயலாம், மரம் வெட்டக் கூடாது. அரசாங்கப் பதிவேட்டில் அதில் பலவும் வெறும் தரிசு.

இப்போது என் கதை. பல வருடம் முன்பு சென்னைப் புறநகரில் ஒரு மனை பார்த்தேன். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டேன். 'வில்லங்கம் ஏதும் இல்லை' என்று வந்தது. "சும்மா கிடந்த இடம்தானே" என்று வீட்டில் சொல்லி வாங்கினேன், கட்டினேன். முதல் பெருமழையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது, தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவர் சாவகாசமாகச் சொன்னார்:

"இங்க முன்னாடி நாரை வரும் சார். ஏரிதானே இது."

அந்த நாரைகளின் பெயரில் பத்திரம் இல்லை. அதனால்தான் எனக்குச் சான்றிதழ் சுலபமாகக் கிடைத்தது.

நண்பனுக்கு போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நான் போனப்ப அந்தப் பறவையைப் பாக்கலையேடா" என்றான்.

அடுத்த தடவை மழைக்காலத்தில் போகச் சொல்லியிருக்கிறேன்.