எலிக்கு ஆறிய புண்

எலியின் குதிகால் தசைநாணைக் கத்தியால் வெட்டிவிடுகிறார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து, இன்னொரு பிரிவுக்கு வெறும் உப்புநீர். மருந்து பெற்ற எலிகள் சீக்கிரமே காலூன்றி நடக்கின்றன. குரோஷியாவின் ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தில் பிரெட்ராக் சிகிரிச் குழுவினர் 1990களிலிருந்து இத்தகைய சோதனைகளைச் செய்துவருகிறார்கள். மருந்தின் பெயர் பி.பி.சி-157 (லண்டன் வானொலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). இரைப்பை நீரிலுள்ள புரதமொன்றின் துண்டு என்று அவர்கள் சொல்லும் 15 அமினோ அமிலங்களின் சங்கிலி இது; ஆய்வகத்தில் செயற்கையாகக் கோக்கப்படுகிறது. தசை, தசைநாண், குடல் என்று எங்கே புண் செய்தாலும் எலிக்கு ஆறுகிறதாம்.

அப்படியானால் மனிதனுக்கும் ஆறுமா?

கண்ட ஒன்றை வைத்துக் காணாத இன்னொன்றை எப்போது அறிந்ததாகச் சொல்லலாம் என்பது இந்தியத் தருக்க நூலார் நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டிய வழக்கு. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு. நியாய மரபினர் இதை ஏற்றார்கள். நெருப்பு இருக்கிறது, ஆகவே புகையும் இருக்கும் என்றால் ஏற்கமாட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? புகைக்கு ஈர விறகு வேண்டும். இப்படி ஒளிந்திருந்து இரண்டையும் சேர்த்துவைக்கும் நிபந்தனைக்கு ‘உபாதி’ என்று பெயர். அதைத் தேடிப் பார்க்காத அனுமானம் செல்லாது. சார்வாகர் இன்னும் கறார்: உபாதி எங்குமே இல்லை என்று யாரால் உறுதி சொல்ல முடியும், ஆகவே அனுமானமே வேண்டாம். அவ்வளவு தூரம் போனால் எந்த மருந்தும் பிறக்காது, எலிகள் செத்ததும் வீண்.

ஆனாலும் அவர்களுடைய சந்தேகம் வெறும் வீம்பல்ல. 2006இல் லண்டனின் நார்த்விக் பார்க்கில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு ஆண்களுக்கு ஏற்றினார்கள். விலங்குகளில் பாதுகாப்பாகத் தெரிந்த அளவில் 500இல் ஒரு பங்குதான். சில மணி நேரத்தில் ஆறு பேரின் உறுப்புகளும் தடுமாறின; தீவிர சிகிச்சையில்தான் பிழைத்தார்கள். மருந்து பற்றும் சிடி28 என்ற ஏற்பி மனிதரின் ஒருவகை நினைவு டி-செல்களில் உண்டு, சோதித்த குரங்கின் அதே செல்களில் இல்லை என்பது பிறகே தெரிந்தது.

பி.பி.சி-157இன் ஈர விறகு எது? ஆய்வக எலிக்கு வேறு நோயில்லை. காயமோ சுத்தமான வெட்டு. 50 வயதுக்காரரின் தோள்பட்டையோ பல ஆண்டுகளாகத் தேய்ந்தது. ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே குழுவிலிருந்து வந்தவை. புது இரத்தக் குழாய்களை வளர்ப்பதால் புண் ஆறுகிறது என்கிறார்கள். புற்றுக்கட்டிக்கும் அதே குழாய்கள்தான் வேண்டும். 2015இல் பதிவான மனிதச் சோதனையின் முடிவு வெளியாகவில்லை. பின்னால் வந்தவை சிலரை மட்டும் வைத்து, ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமல் செய்தவை.

இதற்கிடையே ஜிம்களில் இதை ஊசியாகப் போட்டுக் குணமானதாகச் சொல்லும் சாட்சியங்கள் பெருகிவிட்டன. மணிமேகலைக்கு அறவண அடிகள் போதிக்கும் பௌத்தத் தருக்கத்தில் காட்சி, கருதல் (அனுமானம்) என்று அறியும் வழிகளான அளவைகள் இரண்டே. பிறர் சொல்லுக்குத் தனி இடமில்லை. நியாய மரபினர் இடம் கொடுத்தார்கள், ஆனால் சொல்பவர் விஷயம் அறிந்தவராகவும் ஏமாற்றும் எண்ணம் இல்லாதவராகவும் இருக்க வேண்டும். ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று குப்பியில் ஒட்டிவிட்டு ஜிம்காரருக்கு விற்பவர் எந்த மரபிலும் தேறமாட்டார். குணமானவர் பொய் சொல்லவில்லை. அவர் தோள் ஆறித்தான் இருக்கும். ஊசி போடாவிட்டாலும் ஆறியிருக்குமா என்பதைச் சொல்ல உப்புநீர் பெற்ற இன்னொரு பிரிவு வேண்டும். எலிகளுக்கு அது இருந்தது.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022இல் இதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2023இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மருந்தகங்கள் இதைத் தயாரித்துத் தருவது ஆபத்தாகலாம் என்றது. இவை மருந்து பொய் என்ற தீர்ப்பல்ல. வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதை முடித்துவைக்கும் பெரிய சோதனைக்கு நிறையச் செலவாகும். குப்பி விற்பவருக்கு அந்தச் செலவைச் செய்ய அவசரமில்லை, சோதனை இல்லாமலே சரக்கு போகிறது.