சனிக்கிழமை வந்துடுதே!

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மதியம் மூன்று மணி அடித்தால், ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பிவிடுவார். பையில் என்ன இருக்கும்? பைபிள் இருக்கும். அது போக நாலு நகவெட்டி, ஒரு பழைய துண்டு, டெட்டால் பாட்டில், ஒரு பூதக்கண்ணாடி!

தாம்பரம் தாண்டி ஒரு முதியோர் இல்லம். அங்கே இருக்கிற தாத்தா, பாட்டிகளுக்கு நகம் வெட்டிவிடுவதுதான் அவருடைய சனிக்கிழமை வேலை. பதினோரு வருஷமாக.

‘நகம் வெட்டுவதெல்லாம் ஒரு ஊழியமா?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. கூடப் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. வயசான காலத்தில் பலருக்குக் கால் நகம் நகமாகவே இருப்பதில்லை. கொம்பு மாதிரி தடித்துப்போகிறது. கை நடுங்குகிறவரால் வெட்டிக்கொள்ள முடியாது. குனிய முடியாதவருக்கோ, தன் கால் கட்டைவிரல் என்பது பக்கத்து ஊர்! வளர்ந்த நகம் போர்வையில் மாட்டும், பக்கத்து விரலைக் கீறும். சர்க்கரை இருந்தால் அந்தச் சின்னக் கீறலே புண்ணாகி, விரலை எடுக்கிற அளவுக்குக்கூடப் போய்விடும். அதனால் சர்க்கரைக்காரர்கள் என்றால், நர்ஸைக் கேட்காமல் இவர் நகவெட்டியைத் தொடமாட்டார். மற்றவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நேராக வெட்டுவார். “ஓரத்தை நோண்டவே கூடாது சார்” என்பார். ஓர் ஆளுக்கு அரை மணி நேரம்.

ஒருநாள் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது கேட்டேன். “மனசுக்கு எவ்வளவு நிறைவா இருக்கும், இல்ல சார்?”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நிறைவா? மொதல்ல ஒரு ரெண்டு வருஷம் இருந்துச்சு. இப்பல்லாம் ஒண்ணும் தோணறதில்ல. மழை நாள்ல, வீட்டுக்கு யாராவது வந்திருக்கறப்ப, இந்தியா – பாகிஸ்தான் மேட்ச் அன்னிக்கு... எரிச்சலாகூட வரும்.”

“ஜெபம் பண்ணிட்டுப் போவீங்களே?”

“பண்றேன். பாதி நாள் சுவத்துகிட்ட பேசற மாதிரிதான் இருக்கு.”

“பின்ன ஏன் சார் போறீங்க?”

“சனிக்கிழமை வந்துடுதே!”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். எனக்குத்தான் ஏமாற்றம். இயேசுவின் அன்பு, பிறவிப்பயன் என்று ஏதாவது சொல்வார், கட்டுரைக்கு ஆகும் என்று நினைத்திருந்தேன். இவர் என்னடாவென்றால் காலண்டரைக் காட்டுகிறார்! இதற்குப் பெயர் பக்தியா, பழக்கதோஷமா?

நீங்களும் யோசித்துப் பாருங்கள். ‘மனசுக்குப் பிடிச்சதைச் செய், பிடிக்கலைன்னா விட்டுடு’ என்பதுதானே இந்தக் காலத்து உபதேசம்? மனசு ஒட்டாமல் ஒரு நல்ல காரியத்தைச் செய்தால் அது வேஷம் என்று நமக்குத் தோன்றுகிறது. கடவுளே பக்கத்தில் இல்லாத மாதிரி தோன்றும்போது, அவர் பெயரால் ஒருவர் காலைக் கழுவுவது வேஷத்திலும் பெரிய வேஷம் இல்லையா?

இதே கேள்வி ஓர் அம்மையாரை ஏறக்குறைய ஐம்பது வருஷம் அரித்திருக்கிறது. வாருங்கள், கொல்கத்தாவுக்கு ஒரு நடை போய் வருவோம்.

அன்னை தெரசா என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை, சுருக்கம் விழுந்த முகம், சிரிப்பு. 1946 செப்டம்பர் 10-ம் தேதி டார்ஜிலிங் போகிற ரயிலில், ‘ஏழையிலும் ஏழைகளிடம் போ’ என்று இயேசு தன்னை அழைப்பதாக உணர்ந்தார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்த அழைப்பு அவருக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருந்து, 1948-ல் பாதுகாப்பான கான்வென்டை விட்டு வெளியே வந்தார். சேரிக்குள் நடந்தார். இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்தாயிற்று.

அடுத்து நடந்ததுதான் ரொம்பப் பேருக்குத் தெரியாமல் இருந்தது. சேரிக்குள் கால் வைத்த கொஞ்ச காலத்திலேயே அந்தக் குரல் நின்றுபோனது!

1997-ல் அவர் இறந்தார். பத்து வருஷம் கழித்து, அவருக்குப் புனிதர் பட்டம் பெறும் பணிகளைக் கவனித்துவந்த பாதிரியார் பிரையன் கொலோடியேசுக் அவருடைய அந்தரங்கக் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். தனக்கு ஆன்மிக வழிகாட்டிகளாக இருந்த பாதிரியார்களுக்கு எழுதியவை. அழித்துவிடும்படி அவரே கேட்டுக்கொண்ட கடிதங்கள். உள்ளே ஒரே இருட்டு, ஜெபித்தால் வெறுமை, கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ என்ற பயம்... பக்கத்துக்குப் பக்கம் இதுதான். 1958-ல் ஒரு சில வாரங்கள் மட்டும் வெளிச்சம். பிறகு மறுபடி இருட்டு.

இந்த இருட்டுக்குள் இருந்துகொண்டுதான் 1952-ல் காளிகாட்டில் ‘நிர்மல் ஹிருதய்’ இல்லத்தைத் திறந்தார். இந்த இருட்டோடுதான் 1979-ல் நோபல் பரிசு மேடை ஏறினார். விடிவதற்கு முன்னால் எழுந்து ஜெபம், திருப்பலி, அப்புறம் புண்களைக் கழுவுகிற வேலை என்று ஒருநாளும் நிறுத்தவில்லை. கடவுளின் அன்பைப் பற்றி மற்றவர்களிடம் உருகிப் பேசிவிட்டு, ‘நீங்கள் கேட்டிருந்தால் இது வேஷம் என்பீர்கள்’ என்கிற பொருளில் அவரே ஒருவருக்கு எழுதியிருக்கிறார். நாம் கேட்ட அதே கேள்வி!

2007-ல் புத்தகம் வந்ததும் பெரிய ரகளை. ‘பார்த்தீர்களா, அந்த அம்மாவுக்கே நம்பிக்கை இல்லை’ என்றார்கள் ஒரு பக்கம். ‘ஞானிகள் எல்லோரும் கடக்கிற இருட்டு இது’ என்றார்கள் மறுபக்கம். வராத இறைவனை நினைத்து அழுது தீர்த்த ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் தெரிந்த நமக்கு, இரண்டாவது கட்சியைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

ஆனால், எனக்கு உறைத்தது வேறு. அவர் உள்ளே இருந்த இருட்டு, காளிகாட்டில் படுத்திருந்தவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் உதட்டருகே வந்த தண்ணீர் டம்ளர்தான். நமக்கு உள்ளே கடவுள் இனிக்கிறாரா, கசக்கிறாரா என்பது நம்முடைய பிரச்னை. அதைத் தீர்த்துக்கொண்டு வந்து தண்ணீர் தருகிறேன் என்று தாகத்தில் கிடப்பவரைக் காக்கவைக்க முடியுமா?

இதற்காக, அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. அவருடைய இல்லத்தில் மருத்துவ முறைகள் போதவில்லை, கடுமையான வலிக்குத் தகுந்த மருந்து இல்லை என்று 1994-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் விமர்சனம் வந்தது. அது நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன். விடாமல் செய்தால் மட்டும் போதாது. தண்ணீர் சரியான சூட்டில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் தெருப் பெரியவர் முழங்கையை விட்டுப் பார்ப்பார்.

இயேசு சொன்ன கதைகளில் ஒன்று உண்டு. ஓர் அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். “தோட்டத்துக்குப் போய் வேலை செய்” என்கிறார். மூத்தவன், “முடியாது” என்கிறான். ஆனால், மனசு மாறிப் போய்விடுகிறான். இளையவன், “இதோ போறேன்பா” என்கிறான். போகவே இல்லை. ‘இவர்களில் அப்பா சொன்னதைச் செய்தவன் யார்?’ என்று கேட்கிறார் இயேசு. மூத்தவன் ஆனந்தமாகப் போனானா, முணுமுணுத்துக்கொண்டே போனானா என்று கதையில் இல்லை. போனான். அவ்வளவுதான்.

நம் ஊரிலேயே அப்படி ஒரு மூத்த பிள்ளை இருந்தார். பெண் பிள்ளை. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர். தாத்தா, அப்பா என்று குடும்பமே மிஷனரி டாக்டர்கள். இந்தப் பெண்ணோ, ‘நான் மட்டும் மிஷனரியாகவே மாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். உடம்பு சரியில்லாத அம்மாவைக் கவனிக்கத்தான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவக் கேட்டார்கள். “அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள்” என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதை. நான் இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு ராத்திரி யாரை வேண்டுமானாலும் உலுக்கிவிடும். ஐடா திரும்பிப் போய் டாக்டருக்குப் படித்து, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூருக்கு வந்தார். வந்த சில மாதங்களில் அப்பா இறந்துபோனார். பெண் டாக்டரைத் தேடி ஜனம் ஓடிவரும் என்றால், ஆரம்பத்தில் நோயாளிகளே வரவில்லை! 1902-ல் 40 படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்காகச் சாலையோர மரத்தடிகளில் வைத்தியம். வெயிலோ மழையோ, குறித்த நாளில் குறித்த மரத்தடிக்கு டாக்டரம்மா வண்டி வந்துவிடும் என்று கிராமத்து ஜனம் நம்பிக் காத்திருந்தது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைக்கு நாம் ‘சி.எம்.சி.’ என்கிற மூன்றெழுத்துக்குப் பின்னால் இருப்பது அந்த ஒரு ராத்திரி அல்ல. அதைத் தொடர்ந்து வந்த ஆயிரக்கணக்கான சாதாரணப் பகல்கள்.

நான் பி.காம். படித்தவன். கணக்கு எழுதுவதில் இரண்டு வழி உண்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று, கேஷ் பேசிஸ். பணம் கைக்கு வந்தால்தான் வரவு, கையை விட்டுப் போனால்தான் செலவு. இன்னொன்று, மெர்க்கன்டைல் சிஸ்டம். மார்ச் மாத வாடகையை நீங்கள் இன்னும் கொடுக்கவில்லையா? பரவாயில்லை, மார்ச் கணக்கிலேயே அதைச் செலவாக எழுதியாக வேண்டும். மாதம் முடிந்தது, கடன் விழுந்துவிட்டது!

நம்மில் பல பேர் பக்தியை கேஷ் பேசிஸில்தான் வைத்திருக்கிறோம். மனசு நிரம்பி வழிகிற அன்றைக்குக் காணிக்கை, ஜெபம், உபகாரம் எல்லாம் நடக்கும். கல்லாவில் உணர்ச்சி இல்லையென்றால் கடை லீவு! எங்கள் தெருப் பெரியவர் மெர்க்கன்டைல் பார்ட்டி. சனிக்கிழமை வந்தது, கடன் விழுந்துவிட்டது.

நல்ல சமாரியன் கதையிலும் என் கண் கணக்கில்தான் நிற்கிறது. அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுக்கிறான். இரண்டு நாள் கூலி. அதோடு விட்டிருந்தால் நல்லவன். “மேல ஆகிற செலவையும் திரும்பி வரும்போது தருகிறேன்” என்கிறான். அதாவது, அந்த முன்பின் தெரியாத ஆளின் பேரில் தொகை எழுதாத ஒரு கணக்கைத் திறந்துவைத்துவிட்டுப் போகிறான். எந்த ஆடிட்டரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.

இந்தப் பிடிவாதத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஊழியம் ஊழியம் என்று ஊரைச் சுற்றுகிறவர் வீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள் என்ன பாடு படுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெரியவரின் மனைவியிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன். “ஊருக்கெல்லாம் நகம் வெட்டட்டும். எங்க வீட்டுக் குழாய் மூணு மாசமா ஒழுகுது, அதை யாரு பார்க்கறது?” என்றார். அதுவும் நியாயம்தானே?

இவ்வளவு பேசுகிறாயே, நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். பிரசங்கம் நீண்டால் வாட்ச்சைப் பார்க்கிறவனும்தான். போன வருஷம் ஓர் உற்சாகத்தில், புது நகவெட்டி வாங்கிக்கொண்டு பெரியவரோடு ஐந்து சனிக்கிழமை போனேன். முதல் வாரம் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது வாரம் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். மூன்றாவது வாரம் வாசனை உறைத்தது. நான்காவது வாரம் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. ஐந்தாவது வாரத்துக்கு அப்புறம் ஆபீசில் வேலை, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, லேசாக ஜுரம்... காரணத்துக்கா பஞ்சம்?

எனக்கென்று ஒரு தாத்தாவை ஒதுக்கியிருந்தார்கள். வலது கால் கட்டைவிரல் நகம் மரக்கட்டை மாதிரி. ஒரே நாளில் வெட்டினால் ரத்தம் வந்துவிடும். வாரம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். பாதிதான் ஆகியிருந்தது.

நேற்று மளிகைக்கடையில் பெரியவரைப் பார்த்தேன். ஏன் வருவதில்லை என்று அவர் கேட்கவே இல்லை. சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டே, “உங்க தாத்தா கேட்டாரு சார்” என்றார்.

“என்ன கேட்டார்?”

“நான் வெட்டறேன்னு காலைப் பிடிச்சேன். ‘வேணாம்பா, அந்தக் கண்ணாடி போட்ட தம்பி பாதியில விட்டிருக்கு, அது வந்து முடிக்கும்’னு காலை இழுத்துக்கிட்டாரு.”

இன்று வெள்ளிக்கிழமை. நாளை சாயங்காலம் வேளச்சேரியில் ஒரு ரிசப்ஷன். ரொம்ப வேண்டியவர்கள். ஆறரை மணிக்கு.