துணைக்குத் தேரும் படைக்கலம்: ஓர் அறவியல் நோக்கு

காவல் பிறர் தருவதா, தன்னால் அமைவதா என்னும் வினா பழமையானது. திருக்குறளின் 'வாழ்க்கைத் துணைநலம்' அதிகாரம் சிறைவைத்துக் காக்கும் காவலைப் பயனற்றதெனத் தள்ளுகிறது. அங்குப் பேசப்படுவது கற்பே எனினும், காப்பவர் யார் என்னும் வினா இன்றைக்கும் பொருந்தும்.

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமையை அடுத்து, கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென 'நிர்பீக்' என்னும் சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ 500 கிராம். அன்றைய விலை ரூ.1.22 லட்சம். கொல்கத்தாவின் பவானிபூரில், வீட்டில் தனித்திருக்கும் மனைவிக்காகக் கணவன் ஒருவன் அதனைத் தேர்வதாகக் கொள்வோம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் ஆளுக்கே வழங்கப்படுகிறது. அவள் தன் பெயரிலேயே விண்ணப்பித்தல் வேண்டும். இவ்விதியில் ஓர் அறமும் உண்டு. சுடுவதா, விடுவதா என்று நொடியில் துணிபவளும் அதன் விளைவைச் சுமப்பவளும் அவளே.

1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்ட பீனா தாசுக்குத் துப்பாக்கியைத் தேடித் தந்தவர் கமலா தாஸ்குப்தா. அது தற்காப்பன்று, எனினும் கருவி பிறர் தந்தது, துணிவும் ஒன்பதாண்டுச் சிறைத்தண்டனையும் பீனாவுடையன.

ஆகவே, துணைக்குப் படைக்கலம் தேர்வோன் முதலில் வினவத்தக்கது எத்துப்பாக்கி என்பதன்று. அவள் அதனை ஏந்த விரும்புகிறாளா என்பதே. அவள் வேண்டாத கருவி அவளுக்குக் காவலாகாது. அவனது அச்சத்தையே அவள் கையில் ஏற்றிவைத்ததாகும்.